அகதியா வந்தவங்க புது நாட்டுல காலூன்ற உதவப் போறீங்களா? பதிமூணாவது மாசத்துல இருந்து யோசிங்க

கனடாவுல 1979-ல இருந்து ஒரு ஏற்பாடு இருக்கு, சாதாரண ஜனங்க ஒரு குழுவா சேந்து ஒரு அகதிக் குடும்பத்தை ஸ்பான்சர் பண்ணி வரவழைக்கலாம், பொதுவா ஒரு வருஷத்துக்கு வாடகை, சாப்பாடு, வழிகாட்டல் எல்லாமே அந்தக் குழு பொறுப்பு. அந்த வேலைல இருக்குறவங்க நடுவுல "பதிமூணாவது மாசம்"னு ஒரு பேச்சு அடிக்கடி வரும். பன்னெண்டு மாசம் முடிஞ்சு குழு கையை எடுத்ததுக்கு அப்புறம் வர்ற முதல் மாசம், அதுலதான் தெரியும் நாம உண்மையிலேயே உதவினோமா இல்ல சும்மா கூடவே ஓடிட்டு இருந்தோமான்னு. எந்த நாட்டுல இருந்தாலும், ஸ்பான்சரா இருந்தாலும் சும்மா வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் போற வாலண்டியரா இருந்தாலும் இது பொருந்தும். நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு குடும்பத்துக்கு ஃபார்ம் ஃபில் பண்றது, ஃபோன் பேசுறது, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது எல்லாத்தையும் நானே செஞ்சேன், ரொம்பப் பெருமையா வேற இருந்துச்சு. அப்புறம் ஒரு மாசம் நான் வெளியூர் போயிட்டேன், திரும்பி வந்தப்போ வீட்டுல மேஜை மேல பிரிக்காத கவர் பதினாலு இருந்துச்சு. அவங்க சோம்பேறிங்க இல்ல. நான் ஒரு கவரைக் கூட அவங்களைப் பிரிக்க விட்டதில்ல, அவ்வளவுதான்.

அதனால எந்த உதவி பண்ணும்போதும் மனசுக்குள்ள ஒரு கேள்வி கேட்டுக்கோங்க: அடுத்த தடவை நான் இல்லாம இதை அவங்க பண்ணுவாங்களா? இந்த ஒரு கேள்வி போதும், கீழ சொல்றது எல்லாம் அதுல இருந்து வந்ததுதான்.

யாரு எந்த நிலைமைல இருக்காங்கன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க

எல்லாரையும் அகதின்னு ஒரே வார்த்தைல சொல்லிடுறோம், ஆனா சட்டத்துல அப்படி இல்ல. 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேந்தவங்கங்கறது, அரசியல் கருத்து, இந்த அஞ்சுல ஏதாவது ஒண்ணால துன்புறுத்தப்படுவோம்னு நியாயமான பயம் இருந்து, சொந்த நாட்டுக்கு வெளிய இருக்குறவங்கதான் அகதி. ஆரம்பத்துல அது 1951-க்கு முன்னாடி நடந்த சம்பவங்களுக்கு மட்டும்னு இருந்துச்சு, 1967 நெறிமுறை வந்து அந்தக் கால எல்லையை எடுத்துடுச்சு. இப்போ உங்க முன்னாடி இருக்குறவர் அகதி அந்தஸ்து கிடைச்சவரா, இல்ல மனு போட்டு முடிவுக்குக் காத்திருக்கிற தஞ்சம் கோரியவரா, இல்ல மொதல்ல தஞ்சம் புகுந்த நாட்டுல இருந்து மீள்குடியேற்றத்துல இங்க வந்தவரா? இதைப் பொறுத்துதான் வேலை செய்யலாமா கூடாதா, என்ன உதவித்தொகை, குடும்பத்தைக் கூப்பிடலாமா எல்லாமே மாறும். மீள்குடியேற்றத்துல வர்ற வாய்ப்பு உலகத்துல உள்ள அகதிகள்ல நூத்துக்கு ஒருத்தருக்குக் கூட கிடைக்கிறதில்ல, அதனால நீங்க பாக்குறவங்கள்ல நிறைய பேரு காத்திருக்கிறவங்களாத்தான் இருப்பாங்க. முடிவு தெரியாம வருஷக்கணக்கா உக்காந்திருக்கிறவங்ககிட்ட போய் "பாசிட்டிவா யோசிங்க"ன்னு சொல்லாதீங்க ப்ளீஸ்.

இன்னொண்ணு, சட்ட விஷயத்துல வாயைத் தொறக்காதீங்க. நல்ல மனசோட சொல்ற யோசனைதான் இங்க பெரிய ஆபத்து. ஒரு உதாரணம் சொல்றேன், "பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சா, உங்க நாட்டு எம்பசில போய் ரினியூ பண்ணிட்டு வாங்களேன்"னு ஒரு வாலண்டியர் சர்வ சாதாரணமா சொன்னதை நான் காதால கேட்டிருக்கேன். அந்தஸ்து உள்ளவங்க அப்படிப் போனா, சொந்த நாட்டோட பாதுகாப்பை அவங்களே விரும்பித் திரும்ப ஏத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்க இடம் இருக்கு, அந்தஸ்து முடிஞ்சு போறதுக்கு உடன்படிக்கைல சொல்லியிருக்கிற காரணங்கள்ல முதலாவதே இதுதான். வெளிநாடு போகணும்னா, இருக்கிற நாடே கொடுக்குற பயண ஆவணம்னு ஒண்ணு இருக்கு, 28-வது பிரிவு, அதுக்குத்தான் விண்ணப்பிக்கணும். மனு நிலுவைல இருக்குறவங்க எம்பசிப் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது, யாருகிட்ட இருந்து தப்பிச்சு வந்தாங்களோ அவங்களுக்கே இவங்க இருக்கிற எடம் தெரிஞ்சு போகும். இதே காரணத்துக்காகத்தான் ஃபோட்டோ. வரவேற்பு ஃபோட்டோவை ஃபேஸ்புக்குல போடாதீங்க, அவங்க சரின்னு தலையாட்டினாலும் போடாதீங்க, ஏன்னா உங்ககிட்ட மாட்டேன்னு சொல்ற நிலைமைல அவங்க இன்னும் வரல.

நாமளும் சட்டம் சொல்லக் கூடாது, எம்பசிக்கும் போகக் கூடாது, அப்போ யாருகிட்டதான் போறது? இலவச சட்ட உதவி மையம், அங்கீகாரம் உள்ள வக்கீல், அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம், இந்த மூணோட நம்பரை மொதல் வாரமே எடுத்து வெச்சுக்கோங்க. ஆணையத்தோட சேவை எல்லாமே இலவசம், மீள்குடியேற்றம் வாங்கித் தர்றேன்னு எவனாவது காசு கேட்டா அவன் ஏமாத்துறான்னு அர்த்தம், இதை நீங்க வெக்கப்படாம நேராவே சொல்லி வைங்க.

முதல் வாரம்: கம்மியா பண்ணுங்க

ஏர்போர்ட்டுக்குப் பதினஞ்சு பேரு பலூனோட போகாதீங்க. ரெண்டு பேரு போதும், மொழி தெரிஞ்சவர் ஒருத்தர் அதுல இருந்தா இன்னும் நல்லது. அவங்க எத்தனையோ மணி நேரம் பயணம் பண்ணி, பல பேரு அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா முகாம்ல இருந்துட்டு வர்றாங்க, கூட்டத்தைப் பாத்தாலே சிலருக்கு உடம்பு நடுங்கும்.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதும் மொதல்ல சாவியைக் கையில கொடுங்க. எல்லா சாவியையும். "ஸ்பேர் சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்"னு வாலண்டியருங்க வெச்சுக்குவாங்க, அது தப்பு. உள்ள இருந்து பூட்டினா வெளிய இருந்து யாரும் தொறக்க முடியாதுங்கறது அவங்கள்ல பல பேருக்கு ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் கிடைக்கிற விஷயம். நீங்க எத்தனை நல்லவரா இருந்தாலும் அந்தச் சாவி உங்க பாக்கெட்டுல இருக்குற வரைக்கும் அது அவங்க வீடு இல்ல.

அப்புறம் அடுப்பு எப்படிப் பத்த வைக்கிறது, ஹீட்டர் எப்படி, தீ அலாரம் அடிச்சா அது என்ன சத்தம், அவசர நம்பர் என்ன. அலாரத்தை முன்கூட்டியே சொல்லிட்டு ஒரு தடவை அமுக்கிக் காட்டுங்க, திடீர்னு நடுராத்திரில அடிச்சா குண்டு விழுதுன்னு நினைச்சு பசங்களைத் தூக்கிட்டு ஓடினவங்க உண்டு. ஃபோனுக்கு சிம்மும் இன்டர்நெட்டும் மொதல் நாளே வேணும், அது ஆடம்பரம் இல்ல, ஊர்ல விட்டுட்டு வந்தவங்க உயிரோட இருக்காங்களான்னு பாக்குறதுக்கான ஒரே வழி. அதுக்கு மேல மொதல் ரெண்டு நாள் ஒண்ணும் வேணாம், தூங்கட்டும். ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு கிளம்பாதீங்க.

கவர், ஃபார்ம், ஃபைல்

புது நாட்டு வாழ்க்கைல பாதி கடுதாசிதான். அதனால இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், மத்தவங்க இதை ரெண்டு வரில முடிச்சிடுறாங்க.

மொதல்ல பேரும் பிறந்த தேதியும். நிறைய பேருக்கு ஒரே ஒரு பேருதான், குடும்பப் பேருன்னு தனியா கிடையாது, ஆனா ஃபார்ம்ல ரெண்டு கட்டம் இருக்கும், ஒவ்வொரு ஆபிசரும் அவருக்குத் தோணின மாதிரி நிரப்பியிருப்பாரு. வேற எழுத்துல இருந்து மாத்தி எழுதும்போது அண்ணனுக்கு ஒரு ஸ்பெல்லிங், தம்பிக்கு ஒரு ஸ்பெல்லிங்னு ஆயிருக்கும். பிறந்த தேதி தெரியாதவங்களுக்கு ஜனவரி 1-ன்னு போட்டுடுவாங்க, ஒரே வீட்டுல அப்பா, அம்மா, பாட்டி மூணு பேருக்கும் ஜனவரி 1 பிறந்தநாள்னு பாத்தா சிரிக்காதீங்க, சகஜம். ஆனா இந்த வித்தியாசம்தான் பின்னாடி பேங்க் அக்கவுன்ட், குடும்பத்தை வரவழைக்கிறது, குடியுரிமைன்னு எல்லா எடத்துலயும் வந்து நிக்கும். அதனால மொதல் மாசமே எல்லாக் காகிதத்தையும் மேஜைல பரப்பி, எதுல எப்படி எழுதியிருக்குன்னு ஒரே தாள்ல குறிச்சு வைங்க. திருத்தணும்னா வக்கீல்கிட்ட கேட்டுட்டுத் திருத்துங்க, நாமளே சரி பண்றேன்னு ஒரு புது ஸ்பெல்லிங் போட்டுட்டா அது மூணாவது கதை ஆயிடும்.

அடுத்தது கவர் பிரிக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரம், அவங்க வீட்டு மேஜைல உக்காருங்க. கவரை நீங்க பிரிக்காதீங்க. அவங்க பிரிக்கட்டும். ஒவ்வொரு கடுதாசிலயும் நாலு விஷயம்தான் தேடணும்: யாரு அனுப்பியிருக்காங்க, எந்தத் தேதி, என்ன கேக்குறாங்க, எதுக்குள்ள பதில் சொல்லணும். மொழி சுத்தமாத் தெரியாதவங்க கூட நாலு வாரத்துல லோகோவை வெச்சு "இது கரன்ட்டு, இது ஸ்கூலு, இது குடியேற்ற ஆபிஸ்"னு பிரிச்சுடுவாங்க, தேதி எங்க இருக்கும்னு கண்டுபிடிச்சுடுவாங்க. நான் மூணு கலர் ஃபோல்டர் கொண்டு போவேன்: சிவப்பு இந்த வாரமே பதில் போடணும், மஞ்சள் காத்திருக்குது, பச்சை முடிஞ்சது ஆனா தூக்கிப் போடக் கூடாது. படிக்காத ஒரு அம்மா இருந்தாங்க, அவங்க மூணாவது வாரம் ஒரு விளம்பர நோட்டீசைப் பிரிச்சு, தேதியைத் தேடி, லோகோவைப் பாத்து, மெதுவா சுருட்டிக் குப்பைல போட்டுட்டு என்னைப் பாத்தாங்க. சரியான்னு கேக்கல, தெரிஞ்சுடுச்சு அவங்களுக்கு. அன்னிக்கு நான் கொண்டு போன வேலை எதுவும் முடியல, ஆனா அது நல்ல நாள்.

டைம் ஆகும், உங்களுக்கே கை பரபரக்கும், ரெண்டு நிமிஷத்துல நீங்களே முடிச்சிடுற விஷயத்துக்கு அவங்க அரை மணி நேரம் எடுப்பாங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. ஒரு விதிவிலக்கு உண்டு, தஞ்ச மனு சம்பந்தப்பட்ட கெடு தேதி. அதுல பயிற்சி, பொறுமை எல்லாம் கிடையாது, உடனே வக்கீலுக்கு ஃபோன், அந்தத் தேதி தவறிப் போச்சுன்னா அப்புறம் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

மொழிபெயர்க்கிறவரு

புள்ளைங்களை மொழிபெயர்க்க வெக்காதீங்க. பத்து வயசுப் பையன் ஆறு மாசத்துல புது மொழி பேசிடுவான், எல்லாருக்கும் வசதியா இருக்கும், டாக்டர்கிட்ட, வீட்டு ஓனர்கிட்ட, ஆபிஸ்லன்னு அவனையே இழுத்துட்டுப் போவாங்க. ஒரு ஆஸ்பத்திரில அம்மாவோட ரத்தப்போக்கைப் பத்தி டாக்டர் கேக்க, பையன் என்ன சொல்றதுன்னு தெரியாம தரையைப் பாத்துட்டு நின்னதை நான் பாத்திருக்கேன். அவன் அம்மாகிட்ட வேற எதையோ கேட்டான், அம்மா வேற எதுக்கோ பதில் சொன்னாங்க, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க. தப்பு பையன் மேல இல்ல, பக்கத்துல சும்மா நின்ன என் மேலதான். நீங்க அப்படி நிக்காதீங்க, "மொழிபெயர்ப்பாளர் வேணும், ஃபோன்லயாவது ஏற்பாடு பண்ணுங்க"ன்னு கேளுங்க, அப்பாயின்மெண்ட் வாங்கும்போதே கேட்டுடுறது இன்னும் நல்லது, நிறைய நாட்டுல ஆஸ்பத்திரியே இலவசமா ஏற்பாடு பண்ணித் தரும், ஆனா கேட்டாத்தான்.

ஒரே நாட்டுக்காரர்னா போதும்னு நினைக்காதீங்க. ஒரே மொழி பேசுறவங்க ஒருத்தரை ஒருத்தர் கொன்னுட்டு இருந்த எடத்துல இருந்துதான் பல பேரு வந்திருக்காங்க. எந்தப் பக்கத்து ஆளு, எந்தப் பிரிவு, எந்த வட்டார வழக்கு, ஆணா பெண்ணா, இதெல்லாம் அவங்களுக்குச் சரிதானான்னு தனியா கேளுங்க. பாலியல் வன்முறையைத் தாண்டி வந்த பெண்ணுக்கு ஆண் மொழிபெயர்ப்பாளரை உக்கார வெச்சா அவங்க "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்வாங்க. சின்ன சமூகமா இருந்தா நேர்ல வர்றவரை விட வேற ஊர்ல இருந்து ஃபோன்ல பேசுறவரே மேல், பேச்சு வெளிய போயிடுமோங்கற பயம் குறையும்.

பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பாத்து "அவரு எப்படி இருக்காருன்னு கேளுங்க"ன்னு சொல்லாதீங்க, சம்பந்தப்பட்டவரைப் பாத்து "எப்படி இருக்கீங்க"ன்னு கேளுங்க. சின்ன விஷயம்தான், ஆனா ரூம்ல இருக்கிற காத்தே மாறும்.

கதை கேக்காதீங்க

"என்னங்க நடந்துச்சு உங்களுக்கு?" இந்தக் கேள்வி வேணாம். அவங்க அதை ஏற்கெனவே எல்லைல, முகாம்ல, நேர்காணல்லன்னு பல தடவை சொல்லியாச்சு, ஒவ்வொரு தடவையும் நம்புறாங்களா இல்லையான்னு எதிர்ல இருக்கிறவர் முகத்தைப் பாத்துக்கிட்டே சொல்லியிருப்பாங்க. அவங்களா சொன்னா கேளுங்க, நடுவுல கேள்வி போடாதீங்க, அழுதா டிஷ்யூ நீட்டிட்டு உக்காருங்க. உலக சுகாதார நிறுவனம் 2011-ல மத்த அமைப்புகளோட சேந்து வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டில மூணே சொல்லுதான்: பார், கேள், இணை. பாதுகாப்பு இருக்கா, உடனடித் தேவை என்னன்னு பாரு, அவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேளு, யாரால உதவ முடியுமோ அவங்களோட சேத்து விடு. அதுல எங்கயும் "நடந்ததைத் தோண்டி எடு"ன்னு இல்ல, தோண்டக் கூடாதுன்னுதான் இருக்கு.

சித்திரவதை நடந்திருக்குன்னு தெரிய வந்தா, தழும்பை நீங்க ஃபோட்டோ எடுக்குறது, உங்க நோட்டுல எழுதி வெக்கிறது எல்லாம் வேணாம். அதை முறையாப் பதிவு பண்றதுக்குன்னே இஸ்தான்புல் நெறிமுறைன்னு 1999-ல இருந்து ஒண்ணு இருக்கு, அதுல பயிற்சி எடுத்த டாக்டருங்க இருக்காங்க, வக்கீல் மூலமாப் போனா அந்த அறிக்கை மனுவுக்கே பலமா இருக்கும்.

கவனிக்க வேண்டியது வேற. தூங்காம இருக்குறது, அப்பாயின்மெண்டை அடிக்கடி மறக்குறது, சொன்னதையே திரும்பத் திரும்பக் கேக்குறது, ஃபோனை எடுக்காம இருக்குறது. இதைப் பாத்துட்டு "இவருக்கு அக்கறையே இல்ல"ன்னு ஒரு டீச்சரோ ஆபிசரோ சொல்லுவாங்க, நீங்களும் அப்படி நினைக்க ஆரம்பிச்சிடாதீங்க, அதிர்ச்சி ஞாபகத்தையும் பாதிக்கும். வந்த மொதல் ரெண்டு மூணு மாசம் உற்சாகமா இருந்துட்டு அப்புறம் திடீர்னு சாயறவங்களும் நிறைய. சாகணும்னு பேச்சு வந்துச்சுன்னா மட்டும் காத்திருக்காதீங்க, தனியா விடாதீங்க, அன்னிக்கே டாக்டர் இல்லன்னா அவசர உதவி.

காணாமப் போன சொந்தக்காரங்களைப் பத்திச் சொன்னாங்கன்னா, செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் உலகம் முழுக்கக் குடும்பத்தைத் தேடித் தர்ற வேலையை இலவசமாப் பண்றாங்க. பேரு கொடுக்குறதா வேணாமாங்கறது அவங்க முடிவு. சில பேருக்குப் பதில் தெரிஞ்சுக்கவே பயமா இருக்கும்.

பஸ் ஏறக் கத்துக் கொடுக்குறது

என்னைக் கேட்டா ஒரு வாலண்டியர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி கார்ல ஏத்திட்டுப் போகாம இருக்குறதுதான். மொத தடவை பஸ்ல பக்கத்துல உக்காந்து போங்க, டிக்கெட்டை அவங்க வாங்கட்டும், இறங்குற எடத்துக்கு முன்னாடி வர்ற பெரிய அடையாளம் ஒண்ணை ரெண்டு பேரும் சேந்து தேர்ந்தெடுங்க, பச்சைக் கட்டடம், பாலம், ஏதோ ஒண்ணு. ரெண்டாவது தடவை நாலு சீட்டு பின்னாடி உக்காருங்க, இறங்க மறந்தா நீங்களும் வாயைத் தொறக்காதீங்க, ஒரு ஸ்டாப் தாண்டிப் போய் சேந்தே திரும்பி நடக்கலாம், வழி தவறினா திரும்பி வர முடியும்ங்கறதும் கத்துக்க வேண்டிய பாடம்தானே. மூணாவது தடவை நீங்க போற எடத்துல போய் நில்லுங்க, அவங்க வந்து சேரட்டும். லைப்ரரி, பேங்க், டாக்டர் ஃபோன் அப்பாயின்மெண்ட் எல்லாத்துக்கும் இதே மாதிரிதான். ஃபோன் பேசுறதுக்கு நான் ஒரு சின்னத் துண்டுத்தாள்ல மூணு வாக்கியம் எழுதிக் கொடுப்பேன், பேரு, பிறந்த தேதி, மொழிபெயர்ப்பாளர் வேணும், அவ்வளவுதான். அதை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சு ஒரு தாத்தா தினமும் பாராயணம் பண்ணிட்டு இருந்தாரு, கடைசில ராங் நம்பர் கால் வந்தப்போ கூட அதையே ஒப்பிச்சாரு.

புள்ளைங்க, பெரியவங்க, வீட்டை விட்டு வெளிய வராதவங்க

புள்ளைங்க விளையாட்டு மைதானத்துல பேசுற மொழியை வெச்சு ஏமாந்துடாதீங்க. ஜிம் கம்மின்ஸ்ங்கற மொழியியல் ஆராய்ச்சியாளர் ரொம்ப நாளாச் சொல்லிட்டு வர்றது, பேச்சு மொழி ஒரு ரெண்டு வருஷத்துல வந்துடும், ஆனா பாடப் புத்தக மொழி கூடப் படிக்கிற பசங்க அளவுக்கு வர அஞ்சு வருஷமாவது ஆகும், சிலருக்கு ஏழு கூட. அதனால "நல்லாத்தானே பேசுறா, ஏன் சயின்ஸ்ல மார்க் வரல"ன்னு ஸ்கூல்ல கேட்டா, மொழி ஆதரவை நிறுத்த வேணாம்னு நீங்க பேசணும், இங்க பேசலாம், தப்பில்ல. வீட்டுல தாய்மொழியை விடச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னா காதுல வாங்காதீங்க. அம்மாவும் மகளும் பேசிக்க ஒரு மொழி வேணும்ல.

பதினெட்டு வயசுக்குக் கீழ தனியா வந்த புள்ளைங்கன்னா விஷயமே வேற, சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்கிற ஏற்பாடு இருக்கணும், அது இல்லாம நீங்களா வீட்டுல வெச்சுக்குறது நல்ல எண்ணமா இருந்தாலும் பெரிய சிக்கல்.

இதுல யாரும் கவனிக்காம விடுறது வயசானவங்களை. வேலைக்கு ஆள் தேடுற திட்டம் இளசுகளுக்கு, ஸ்கூல் புள்ளைங்களுக்கு, பாட்டிக்கு ஜன்னல்தான். மொழி வகுப்புல அவங்க தோத்துப் போவாங்க, வகுப்பே அவங்களுக்கு அவமானமா ஆயிடும். அவங்களுக்கு வேண்டியது பத்து வார்த்தையும், சொந்த மொழி பேசுற ரெண்டு பேரும், உக்காந்து செய்யுறதுக்கு ஒரு வேலையும். கைக்குழந்தை வெச்சிருக்கிற அம்மாங்களும் அப்படித்தான் வீட்டுக்குள்ளயே நின்னுடுவாங்க, வகுப்பு நடக்குற எடத்துல குழந்தையைப் பாத்துக்க ஆள் இருக்கான்னு மொதல்ல கேளுங்க, இல்லன்னா அந்த ஆளா நீங்க இருங்க. மாற்றுத்திறன் உள்ளவங்க இருந்தா வீடு பாக்கும்போதே படி எத்தனைன்னு எண்ணுங்க, அப்புறம் புலம்பிப் பிரயோஜனம் இல்ல.

வீட்டுக்குள்ளயே அடி உதை நடக்குதுன்னு சந்தேகம் வந்தா, அந்தப் பெண்ணைத் தனியாப் பாக்குற மாதிரி ஒரு சந்தர்ப்பம் உண்டாக்கி, உதவி எண்ணை எழுதாம வாயால சொல்லிக் கொடுங்க. பேப்பர்ல எழுதிக் கொடுத்தா அது யார் கைல கிடைக்கும்னு சொல்ல முடியாது.

வேலை, காசு

மொதல்ல கிடைச்ச வேலைல தள்ளி விட்டுட்டு "செட்டில் பண்ணிட்டோம்"னு சொல்றது வழக்கமா நடக்குற தப்பு. இன்ஜினியர் பத்து வருஷம் பெட்டி தூக்கினா அப்புறம் அவரு இன்ஜினியர் இல்ல. சான்றிதழ் எரிஞ்சு போச்சு, காலேஜே இடிஞ்சு போச்சுன்னாலும் வழி இருக்கு: 1997 லிஸ்பன் உடன்படிக்கைல, காகிதம் இல்லாத அகதிகளோட படிப்பையும் மதிப்பிடணும்னு இருக்கு, ஐரோப்பிய கவுன்சில் 2017-ல அகதிகளுக்கான தகுதிப் பாஸ்போர்ட்னே ஒண்ணு ஆரம்பிச்சது, நேர்காணல் எடுத்து மதிப்பிடுவாங்க. நீங்க இருக்கிற நாட்டுல என்ன வழின்னு சீக்கிரமே விசாரிச்சு வைங்க, உடனே சம்பாதிக்கணும்னு அவங்க ஒரு வேலைக்குப் போனாலும் இந்த வழி பக்கத்துலயே ஓடட்டும்.

காசு விஷயத்துல மூணு குழி. தவணைல ஃபோன், டிவின்னு கையெழுத்து வாங்குறவங்க ஒண்ணு. கேஸ் முடிச்சுத் தர்றேன்னு சொல்ற புரோக்கர் ரெண்டு. மூணாவது ஊர்ல இருந்து வர்ற ஃபோன் கால், "நீ அங்க போயிட்டே, எங்களுக்கு அனுப்பு"ன்னு. மொத ரெண்டையும் நீங்க தடுக்கலாம். மூணாவதைப் பத்தி உங்க அபிப்பிராயம் யாருக்கும் வேணாம், உதவித்தொகைல பாதியை அனுப்பிட்டு இவங்க அரை வயித்தோட இருப்பாங்க, உங்களுக்குக் கோபம் வரும், அது அவங்க காசு. மாசக் கணக்கை அவங்களோட சேந்து எழுதுங்க, வாடகை போக மிச்சம் என்னன்னு அவங்க கண்ணால பாக்கட்டும், அதோட நிறுத்திக்கோங்க. நீங்க கைல இருந்து கடன் கொடுக்காதீங்க, கொடுத்தா அப்புறம் உங்களைப் பாத்தாலே ஒளிவாங்க.

நீங்க மட்டும் போதாது

அலஸ்டைர் ஏகர், அலிசன் ஸ்ட்ராங்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2008-ல எழுதின ஒரு கட்டுரைல மூணு விதமான தொடர்பைப் பிரிச்சுக் காட்டுறாங்க: சொந்த சமூகத்தோட இருக்கிற பிணைப்பு, மத்த சமூகத்தோட போடுற பாலம், அரசாங்க அமைப்புகளோட இருக்கிற இணைப்பு. நாம வாலண்டியருங்க எப்பவும் பாலத்தைப் பத்தியே பேசுவோம், சொந்த ஊர்க்காரங்களோட சேந்தா ஒதுங்கிடுவாங்கன்னு பயப்படுவோம். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நேர்மாறா நடக்குது, சொந்த மொழில சிரிச்சுப் பேச நாலு பேரு இருக்கிறவங்கதான் தைரியமாப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுறாங்க. ஆனா அந்த நாலு பேரை அவங்க தேர்ந்தெடுக்கட்டும், உங்களுக்குத் தெரிஞ்ச ஊர்க்காரர்னு ஒருத்தரைத் திடீர்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நிக்காதீங்க. மேல சொன்னது ஞாபகம் இருக்கட்டும், எந்தப் பக்கத்து ஆளுன்னு உங்களுக்குத் தெரியாது. யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது "இவங்கதான் எங்க அகதிக் குடும்பம்"னு சொல்லாதீங்க. பேரைச் சொல்லுங்க, என்ன வேலை பாத்தவங்கன்னு சொல்லுங்க.

உங்க எல்லையையும் மொதல்லயே போட்டுடுங்க. எந்த நேரத்துல ஃபோன் எடுப்பீங்க, எதுக்கு எடுக்க மாட்டீங்க, அவசரம்னா உங்களுக்கு இல்ல அவசர நம்பருக்குத்தான் அடிக்கணும். ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வாலண்டியராவது வேணும், ஒருத்தர் படுத்துட்டா இன்னொருத்தர் இருக்கணும், தனியா ஒருத்தரே எல்லாம் பண்ணினா அவரு ஆறு மாசத்துல காணாமப் போயிடுவாரு. மதப் பிரசாரம், கட்சிப் பிரசாரம் ரெண்டும் வாசல்லயே செருப்போட விட்டுட்டு உள்ள போங்க. நன்றி எதிர்பாக்காதீங்க, வந்தா வாங்கிக்கோங்க.

எட்டாவது, ஒம்பதாவது மாசத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா விலகுங்க. வாரம் ஒரு தடவை போனது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. இன்ன மாசத்துல இருந்து இப்படி ஆகும்னு முன்னாடியே சொல்லிட்டுக் குறைங்க, சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டா, அவங்க வாழ்க்கைல சொல்லாமப் போனவங்க லிஸ்ட்டு ஏற்கெனவே நீளம்.

இன்னொண்ணுக்கும் தயாரா இருங்க. எல்லாம் நல்லாப் போயிட்டு இருக்கும், ஸ்கூல், வீடு, டாக்டர் எல்லாம் பக்காவா அமைஞ்சிருக்கும், ஒரு நாள் "நாங்க வேற ஊருக்குப் போறோம், அங்க மச்சான் குடும்பம் இருக்கு"ன்னு சொல்லுவாங்க. எனக்கு நடந்துச்சு, மூஞ்சியை எப்படி வெச்சுக்குறதுன்னு தெரியல, இத்தனை பாடுபட்டு அலைஞ்சு புடிச்ச வீடு. வாக்குவாதம் பண்ணாதீங்க, பெட்டி கட்ட உதவுங்க. பச்சை ஃபோல்டர் முழுசையும் ஸ்கேன் பண்ணி அவங்க ஃபோன்லயே போட்டுக் கொடுங்க, உங்க ஃபோன்ல இருக்குற காப்பியை அவங்க கண்ணு முன்னாடி அழிச்சிடுங்க. முகவரி மாத்துறதை எல்லா எடத்துலயும் சொல்லணும், அதுல மொதல் கால் குடியேற்ற ஆபிசுக்கும் வக்கீலுக்கும், நேர்காணல் கடுதாசி பழைய வீட்டுக்குப் போய் யாரும் பிரிக்காமக் கிடந்தா மனுவே தள்ளுபடி ஆயிடலாம். அந்த ஃபோனை நான் பண்ணல, அந்த வீட்டு அக்காதான் பண்ணினாங்க, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த துண்டுத்தாளைப் பிச்சு கைல வெச்சுக்கிட்டு, பேரு, பிறந்த தேதி, மொழிபெயர்ப்பாளர் வேணும். அந்தப் பக்கம் ஏதோ கேட்டாங்க போல, தாள்ல இல்லாத நாலாவது வாக்கியம் ஒண்ணு சொன்னாங்க. இலக்கணம் தப்புதான், ஆனா ஆபிஸ்ல புரிஞ்சுடுச்சு.